சாமி படத்துக்கு முன்னால் ஏழு குப்பி எச்சில்

ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. கண்ணுக்குத் தெரியாததையே பார்த்துப் பழகி, கண்ணெதிரே இருப்பதைக் கோட்டை விட்டுவிடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

வாய், தொண்டைப் புற்றுநோயில் ஜீன்களின் வேலை எப்படி மாறுகிறது என்பதுதான் சென்னையில் என் பிஎச்.டி. ஆய்வு. அடங்கியிருக்க வேண்டிய ஜீன் ஆட்டம் போடும். காவல் காக்க வேண்டியது தூங்கிவிடும். எது எவ்வளவு ஆடுகிறது என்பதை எச்சிலில் இருக்கும் ஆர்.என்.ஏ.வை வைத்து அளக்கலாம். ஆனால் அது மகா ரோஷக்காரப் பொருள். ஐஸிலிருந்து எடுத்து வைத்தால் சிதைந்துபோகும்.

புகையிலை போடுகிறவர்களின் எச்சில் வேண்டும் என்று கைடு சொன்னதும் எங்கள் ஊர் செஞ்சிதான் நினைவுக்கு வந்தது. அங்கே மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி வைத்திருக்கும் என் தாய்மாமன், வாயில் வெற்றிலை புகையிலை இல்லாமல் பேசி யாரும் கேட்டதில்லை.

"துப்பறதுக்கு எதுக்கு பாப்பா டப்பா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடு பூரா துப்பி வெச்சிருக்கேன். வேணும்றத எடுத்துக்கோ" என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி, மண்டிக் கூட்டாளிகள் ஆறு பேருடன் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். ஒரு மணி நேரம் புகையிலை கூடாது என்றதற்கே ஏழு பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்கி, எச்சில் வாங்கி, ஏழு குப்பிகளையும் ஐஸ் பெட்டியில் புதைத்துவிட்டு வெற்றிக் களைப்பில் படுத்துவிட்டேன். அதற்கு முன் அம்மா என்னிடம், "உங்க மாமன் ஆறு மாசமா காரமே தொடறதில்லடீ, வாய் எரியுதுன்றான், இன்னான்னு பாரேன்" என்றாள். "அதெல்லாம் சாம்பிள்ல தெரிஞ்சிடும்மா" என்றேன். (விஞ்ஞானி பேசுகிறாளாம்.)

எழுந்து வந்தால், எல்லோரும் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர். ஜில்லென்று இருந்தது. இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். ஐஸும் இல்லை, குப்பியும் இல்லை.

பூஜை அலமாரியில், சாமி படத்துக்கு முன்னால், ஏழு குப்பிகளும் குங்குமப் பொட்டோடு வரிசையாக நின்றன.

"ஹால் டிக்கெட்டே சாமிகிட்ட வெச்சிட்டுத்தான் போவ. இவ்ளோ பெரிய ஆராய்ச்சிக்கு வெக்க வேணாமா? ஐஸு வீணாப்போவுதேன்னு ஜூஸுல போட்டேன்" என்றாள் அம்மா.

வீடே அதிரக் கத்தினேன். அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "மாமா, வாய நல்லா தொறந்து மறுபடி துப்புங்க" என்றேன்.

"அவ்ளோதான் பாப்பா தொறக்கும்."

சட்டென்று உறைத்தது. செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டே திணறின. உள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பாகப் புண். மூன்று வருஷமாக ஒவ்வொரு கருத்தரங்கிலும் இதே படத்தைத்தான் நான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். காலையில் இதே வாய்க்கு நேரே குப்பியைப் பிடித்துக்கொண்டு, அளவுக்கோட்டை மட்டும் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் சென்னை பஸ்ஸில் காலிப் பெட்டி என் மடியில், மாமன் என் பக்கத்தில். புற்றுநோய்தான், ஆரம்ப நிலை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். புகையிலையும் போயிற்று.

இப்போது நான் டாக்டர் பட்டம் வாங்கியவள். எந்த விசேஷத்திலாவது யாராவது என் வேலை என்ன என்று கேட்டால் மாமன் முந்திக்கொள்வார்: "எச்சிய இவ பார்ப்பா, வாய அவங்கம்மா பார்ப்பா." கன்னத்தில் கொஞ்சத்தை வெட்டி எடுத்துவிட்டதால் பேச்சு சற்றுக் குழறும். யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்று இரண்டு முறை சொல்வார்.