அட்டை கடித்த சாட்சி

போடிநாயக்கனூர்,
1974 நவம்பர், திங்கட்கிழமை காலை

கர்த்தருக்குள் கனத்துக்குரிய மச்சான் போதகர் தாவீது பொன்னையா அவர்கள் சமுகத்துக்கு, போடி கடைத்தெரு குடைக்கடை ஜேசுவடியான் தாழ்மையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை கிருபாவதியும் மகள் சொர்ணலதாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சினைமாடும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. இது உங்கள் தங்கைமேல் நான் எழுதும் பிராது. கல்யாணமான நாளிலிருந்து முதல் பிராது என்பதால் தயவாய் முழுவதும் வாசிக்கவும். ஞாயிறுதோறும் ஆராதனையில் எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல நேரம் விடுகிறார்களே, அதில் மற்ற வீட்டு அம்மாமார் காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் தங்கைக்கு மட்டும் சாட்சிக்கு நான்தான் சரக்கு. சந்தைக்கு முன்னால் சாக்கடையில் நான் வழுக்கி விழுந்தால் அதில் ஒரு பாடம். கடைக்குள் குடைக்கட்டுக்குப் பின்னால் நான் அசந்து தூங்கியது தெரியாமல் பக்கத்துக் கடை ஜெய்லானி பாய் உதவி செய்வதாய் நினைத்துக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனால், அது மீன் வயிற்றில் யோனா. அந்த யோனாவாவது மூணு நாள்ல வெளிய வந்துட்டாரு மச்சான், எனக்கு இன்னைக்கு வரைக்கும் கடைத்தெருவுல யோனா அண்ணாச்சின்னுதான் பேரு. ஜெய்லானி பாய் மட்டும் யூனுஸ் அண்ணாச்சிம்பாரு, அவுக வேதத்துல யோனாவுக்கு அதான் பேராம்.

போகட்டும். சொர்ணத்துக்கு அல்லிநகரத்தில் ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை ஜேசுராஜ், மேகமலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்கு. தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். தங்கமான பிள்ளை என்றான் புரோக்கர் செல்வமணி. அவன் யாரைத்தான் தகரம் என்று சொல்லியிருக்கிறான்? நாமே ஒரு எட்டுப் பார்ப்போம் என்று போன மாதம் நாலு குடையைக் கட்டிக்கொண்டு, யார் என்று காட்டிக்கொள்ளாமல், யாவாரி மாதிரி சின்னமனூரில் ஜீப்பு ஏறினேன். ஜீப்பு என் எலும்பை எல்லாம் தனித்தனியாக விசாரித்துவிட்டது. அதுக்கு மேல மழைக்குள்ள, தேயிலைக்குள்ள நடை. மாப்பிள்ளை தங்கமேதான் மச்சான். உக்காரச் சொன்னாரு, பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் குடுத்தாரு, பேரம் பேசாம ஒரு குடை வாங்குனாரு. குடிப்பழக்கம் இருக்கான்னு பக்கத்துல போயி மோந்துகூடப் பாத்தேன், சோப்பு வாசம்தான் வந்துச்சு. சொர்ணம் குடுத்துவெச்சவன்னு நெனச்சு எந்திரிக்கிறேன், "ஐயோ பெரியவரே, ரத்தம்!"ங்கிறாரு. குனிஞ்சு பாத்தா வேட்டி பூராம் ரத்தம். தொடையில ஒரு அட்டை, குடிச்சுக் குடிச்சுக் கத்தரிக்கா கணக்கா தொங்குது. இன்னொன்னு எங்கன இருந்துச்சுன்னு போதகருக்கு எழுத முடியாது. நான் குதிச்ச குதியில வேட்டி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். கையில கெடச்ச குடையை விரிச்சு முன்னால புடிச்சுக்கிட்டேன். வரப்போற மாமனாரை எந்த மருமகனாச்சும் இந்தக் கோலத்துல பாத்திருப்பானா? அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை. உப்பை அள்ளிட்டு வந்து, மொகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டே தடவி ரெண்டையும் எடுத்துவிட்டாரு. நான் வேட்டியைச் சுத்திக்கிட்டு, முன்னால புடிச்சிருந்த குடையை அங்கனயே போட்டுட்டு, ஒரே ஓட்டம்.

வீட்டுக்கு வந்து கிருபாவிடம் மட்டும் சொன்னேன். வேவு பார்க்கப் போனது அவுகளுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சிரும், சொர்ணம் மனசு ஒடைஞ்சிரும், வாயைத் திறந்துறாத ஆத்தான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சரி சரின்னு தலையாட்டுனா.

நேற்று ஞாயிறு, நல்ல மழை. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் வெளியூர் அம்மா ஒருவர் குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி நேரம் வந்ததும் உங்க தங்கச்சி எந்திரிச்சா. பின்னால ஒரு பார்வை பாத்தா. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அன்பானவர்களே, பாவம் என்பது அட்டையைப் போல"ன்னா. உக்காரு உக்காருன்னு ஆம்பளைக பக்கத்துல இருந்து நான் கையைக் காட்டுறேன். ஏறும்போது தெரியாது, குடிக்கும்போது வலிக்காது, எந்திரிச்சு நிக்கும்போதுதான் ஊருக்கே தெரியும்னா. பிச்சு எடுத்தா வாய் உள்ளயே தங்கிரும், உப்புத்தான் மருந்து, நம்மளை ஆண்டவர் உப்பா இருக்கச் சொல்லித்தான் வெச்சிருக்காருன்னா. அத்தோட உக்காந்திருக்கலாமில்ல? மேகமலை, மாப்பிள்ளை, வேவு, வேட்டி, குடை, அம்புட்டையும் கொட்டிட்டுத்தான் உக்காந்தா. சபையே சிரிக்குது. நான் பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டேன். கடைசி பெஞ்சுல யாரோ விம்முற மாதிரி சத்தம். திரும்பிப் பாத்தா அந்த வெளியூர் அம்மா சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டிக் கெடக்காக. யாருங்கிறீக? மாப்பிள்ளையோட தாயார் அன்னபாக்கியம்! நம்மளை மாதிரியே அவுகளும் யாருகிட்டயும் சொல்லாம பொண்ணைப் பாக்க வந்திருக்காக!

ஆராதனை முடிஞ்சு, ஜேசுராஜ் தாயாருன்னு சொல்லிக்கிட்டே நேரா என்கிட்ட வந்தாக. தொலைஞ்சது சம்பந்தம்னு நிக்கிறேன். "அந்தக் குடைக்காரப் பெரியவருக்கு எம்புட்டு ரத்தம் போச்சோன்னு லீவுக்கு வந்த எம் மகன் பொலம்பிக்கிட்டே இருந்தான். காயம் ஆறிருச்சா அண்ணாச்சி?"ன்னாக. "புருசன் வேட்டி அவுந்ததையே மறைக்காத வீட்டுல வேற எதை மறைக்கப் போறீக? எனக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும்"னாக. அப்பத்தான் மச்சான் எனக்கு மூச்சே வந்துச்சு. சொர்ணம் மொகத்தைப் பாத்தேன், வெக்கங்கெட்டுப்போயி கோயில் வாசல்லயே அழுதுட்டேன். தை மாசம் கல்யாணம். நீங்கதான் வந்து நடத்தி வைக்கணும்.

ஆனாலும் பிராது பிராதுதான். ஏதோ குருட்டாம்போக்கில் தப்பினோம். கிருபா சூதுவாது தெரியாத மனுஷி, எதிரே யார் இருக்கிறார் என்று பார்த்துப் பேச அவளுக்குத் துப்பில்லை. அண்ணன் என்ற முறையிலும் போதகர் என்ற முறையிலும் அவளைக் கண்டித்து நாலு வரி எழுதவும்.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு ஒரு குடை பார்சலில் வருகிறது. அட்டை இல்லை, நன்றாக உதறிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
காயம் ஆறிவரும் மைத்துனன்,
த. ஜேசுவடியான்

பின்குறிப்பு: அண்ணே, கிருபா எழுதுறேன். ஒட்டித் தபால்ல போடுன்னு குடுத்துட்டு அவுக கடைக்குப் போயிட்டாக. சுவரோரம் சாத்தியிருந்த குடையைப் பாத்தேன்னு எழுதியிருக்காக, எந்தக் குடைன்னு பாக்கலை. இவுக குடைக்கடைக்காரக! அது மேகமலையில போட்டுட்டு ஓடிவந்த குடை. இவுக கெளம்பும்போது அடையாளத்துக்குக் கைப்பிடியில செவப்பு நூலைச் சுத்துனதே நான்தான். அந்தக் குடை வேற யாரு கையில வரும்? அந்த வெளியூர் அம்மா யாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் அன்னைக்குச் சொல்ல வெச்சிருந்தது ரசத்துல பல்லி விழுந்த சாட்சி, அங்கனயே மாத்திக்கிட்டேன். எப்படியும் நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளை இவுக மொகத்தைக் கண்டுபிடிச்சிருவாருல்ல? அவுக கண்டுபிடிச்சா அது களவு, நாமளே சொன்னா சாட்சி. இதை இவுககிட்டச் சொல்லிறாதீக. கேட்டபடி என்னையக் கண்டிச்சு எழுதுங்க, சந்தோசப்படுவாக. கொஞ்சம் பெருசாவே எழுதுங்கண்ணே, அடுத்த சாட்சிக்கு ஆகும்.