சேனாதிபதி சொன்ன வீட்டு வேலைகள்

"மக்கள் நீதிமன்றத்துல நான் என்ன சொன்னாலும் நீ தலைய மட்டும் ஆட்டணும். வாயத் தொறந்தே, நஷ்டஈடு போச்சு!" என்று சேனாதிபதி மனைவிக்கு உத்தரவு போட்டார்.

"சரிங்க" என்றாள் ஜோதிமணி.

கல்யாணமானதிலிருந்து அவர் போட்ட உத்தரவுகளில் மறுபேச்சு இல்லாமல் அவள் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மலைமேல் இருக்கிற வட்டக்கானலுக்குச் சுற்றுலா வருகிற கார்களை மறித்து, "ரூம் வேணுமா சார்?" என்று கேட்பது அவர் பிழைப்பு. போன சீசனில் ஒரு காருக்குப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம் சார்" என்று கையை ஆட்டினார். சொல் பேச்சுக் கேட்கிற டிரைவர். நேராக அவர் பாதத்தின் மேலேயே வந்துவிட்டார்.

மாவுக்கட்டோடு சீசன் முழுக்கப் படுக்கை. ஜோதிமணி விடுதி அறைகளைக் கூட்டித் துடைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அடிபட்டது கால்தான் என்றாலும், சேனாதிபதி கேட்டுக்கொண்டதால் சோறும் ஊட்டினாள்.

இப்போது கால் தேறிவிட்டது. வழக்குத்தான் நொண்டியது. ரூம் காட்டுகிற தொழிலுக்கு ரசீது ஏது?

"வருமானத்த நிரூபிக்கிறது கஷ்டம்" என்றார் வக்கீல் சுசித்ரா. "வீட்டுல என்ன வேல செஞ்சீங்க? அது நின்னுபோனதுக்கும் நஷ்டஈடு கேக்கலாம்."

சேனாதிபதி யோசித்தார். சமையல் கேஸ் தீர்ந்தால், "தீந்துபோச்சு" என்று மனைவிக்குச் சொல்வார். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வெள்ளனே எந்திரிச்சு விறகு வச்சு வெந்நீ போடுவேங்கய்யா. இந்தக் குளிருல அவ பச்சத் தண்ணியத் தொடக் கூடாதுல்ல?"

ஜோதிமணி தலையாட்டினாள்.

"அப்புறம்?" என்றார் காரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வந்த வக்கீல், சந்தேகத்தோடு.

"பாத்திரம் நாந்தான் கழுவுவேன். போர்வையெல்லாம் நாந்தான் தொவைப்பேன். நனைஞ்சா கனக்குமுங்க. அவளுக்குத் தோள்வலி."

சொன்ன பிறகு சேனாதிபதிக்கே திக்கென்றது. அவளுக்குத் தோள்வலி என்று தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா, நெசந்தானா?" என்றார் நீதிபதி.

ஜோதிமணி உத்தரவை மீறி வாயைத் திறந்தாள். சேனாதிபதிக்கு உயிர் போய் வந்தது.

"ஒண்ண விட்டுட்டாருங்கய்யா. தோளுக்குத் தைலம் தேச்சு விடுவாரு." அவள் கண் கலங்கியிருந்தது.

இன்சூரன்ஸ் வக்கீல் பேனாவை மூடிவைத்தார். சமரசம் முடிந்தது. கையெழுத்துப் போடும்போது நீதிபதி, "கால்தான் சரியாயிருச்சே. இனிமே பழையபடி எல்லாத்தையும் செய்யுங்க" என்று வாழ்த்தினார்.

பஸ்ஸில் சேனாதிபதி மீசையை நீவினார். "எப்படி அளந்தேன் பாத்தியா?"

"அளந்தீங்களா? நீதிபதி முன்னால சொன்ன பேச்சுங்க. பொய்யின்னு தெரிஞ்சா குடுத்தத திரும்பக் கேப்பாங்களாமே?"

"அதெப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாப்பாங்களோ என்னமோ" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. சேனாதிபதி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். ஈர விறகு. ஊதி ஊதிக் கன்னம் வலித்தது, கண்ணெல்லாம் புகை. ஒருவழியாகத் தண்ணீர் கொதித்தது. விளாவிக் கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தார்.

ஜோதிமணி எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் அதில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷக் குளிர் விரல் வழியாக இறங்கிப் போவதுபோல் முகம் இளகியது. சேனாதிபதி பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு காலம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்றிருந்தது.

"நல்லவேளை" என்றார் மெதுவாக. "வக்கீலம்மாவுக்கு அந்த வீட்டு வேல யோசனை எப்படித்தான் வந்துச்சோ!"

"நாந்தாங்க கேக்கச் சொன்னேன்" என்றாள் ஜோதிமணி, கண்ணைத் திறக்காமலே. "வெரசாப் போயிப் பாத்திரத்தக் கழுவுங்க."