வெயில் மாஸ்டரும் மக்கத்து வெயிலும்

கண்டியில் அடிக்கிற வெயிலில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்று கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வெயில் மாஸ்டர். அப்பா அம்மா வைத்த பெயர் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குத் தபால் கந்தோரில் சின்ன உத்தியோகம். கம்பளையிலிருந்து வந்து, கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தேன். அடுத்த அறை மாஸ்டருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பூமிசாஸ்திரம் படிப்பிப்பவர், இயற்கை வைத்தியத்தில் பைத்தியம். தினமும் விடிந்ததும் கோவணத்தோடு, வயிற்றில் புற்றுமண்ணை அப்பிக்கொண்டு, பின்பக்கத்துச் சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்து, பனிமூட்டத்திலிருந்து சூரியன் வெளியே வரும்வரை காத்திருப்பார். பக்கத்திலேயே ஒரு குடை. கண்டி வெயிலை அவர் அவ்வளவுதான் நம்பினார்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். "எப்பங்க எடுக்கிறாங்க?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "வெயில் வந்தாப் பிறகு நானே எழும்புவன்" என்றது பிணம்.

கீழே கடை முதலாளி. அலவத்துகொடைக்காரர். தங்கமான மனிதர், மலை மாதிரி உடம்பு. அவர் எழுந்தால் கதிரையும் கூடவே எழும். அவர் வாசலுக்கு வந்தால் போதும், தெருவிலுள்ள ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சக்கரம் பழுதாகிவிடும்.

முதலாளிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். கப்பல் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கப்புறம் நடக்க வேண்டுமே? பள்ளிவாசலுக்குப் போவதற்குள்ளேயே நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர் அவர்.

"நடக்க ஏலாதவங்களத் தூக்கிட்டும் போவாங்க வாப்பா" என்றான் மகன்.

"அது ஏலாதவங்களுக்கு. நான் ஏலாதவனில்ல மகன், திண்டவன்" என்றார் முதலாளி. நடந்தே செய்வது, இல்லாவிட்டால் போவதே இல்லை என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் ஒருநாள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்து மாஸ்டரின் கட்டிலில் விழுந்தார். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. மாஸ்டரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு நோயாளிக்காகத்தான் அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

"முதலாளி, வயிறு ஒரு அடுப்பு. அதை மூட்டுறது சூரியன். பொழுது பட்டால் அடுப்பு நூந்துபோம். நூந்த அடுப்பிலை போடுறதெல்லாம் கொழுப்பு. மெலியிறது பெரிய வேலையில்லை, ஆரும் மெலியலாம். மெலிஞ்ச இடத்திலை நிக்கிறதுதான் வேலை. அதுக்கு ஒரு சட்டம் போதும், பொழுது பட்டாப் பிறகு ஒண்டும் தின்னக்கூடாது."

காலையில் இலைக்கஞ்சி. மத்தியானம் ஒரு பிடி கைக்குத்தரிசிச் சோறும் குவியலாய் வல்லாரைச் சம்பலும். பொழுது படமுன் பழம். வயிற்றுக்கு மண்பட்டி. ஒருநாள் கடையில் முதலாளி குனிந்தபோது அந்த மண்பட்டி நழுவி, பெண்வீட்டார் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணச் சேலைமேல் விழுந்தது. சேலையை மாஸ்டரே வாங்க வேண்டியதாயிற்று. பிரம்மச்சாரியான அவர் அதை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டார்.

காலையில் இரண்டு பேரும் வாவியைச் சுற்றி நடப்பார்கள். எங்கே விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வெறும் வண்டியோடு பின்னாலேயே வந்தார். சில மாதங்களில் அவரால் முதலாளியின் நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முதலாளியின் இடுப்பு வாரில் புதுப்புது ஓட்டைகள் விழுந்தன. ஒவ்வொரு ஓட்டையையும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாஸ்டர் காட்டினார்.

அப்போதுதான் நோன்புக்குப் பிறை தெரிந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கப்பல். முதலாளி மாடிக்கு வந்து, செய்யாத குற்றத்தைச் சொல்லப்போகிறவர் போல நின்றார்.

"மாஸ்டர், நாளைக்குத் தலை நோம்பு. பகல்ல தண்ணியும் குடிக்கேலாது. திங்கிறதெல்லாம் பொழுது பட்டுத்தான்."

மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு சட்டம். அது அடியோடு தலைகீழாகிறது.

"பொழுது பட்டுத் திண்டால் இவ்வளவு பாடும் வீணாப் போம் முதலாளி."

"திங்காட்டி நான் மௌத்து மாஸ்டர்."

நோன்பை விடச் சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. மறுநாள் பின்னேரம் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

"முதலாளி, பொழுது எங்கை படுகுது?"

"கடுகண்ணாவ மலைப் பக்கம்."

"அது கண்டிக்கு. இஞ்சை பாருங்கோ, இது மக்கம். எங்களுக்குப் பட்டாப் பிறகும் அங்கை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை வெயில் நிக்கும். நீங்கள் அங்கை போற ஆள்தானே? அந்த வெயிலிலை சாப்பிடுங்கோ. அங்கையும் பட்டால் வாயை மூடுங்கோ."

"அப்ப விடியமுன்ன திங்கிற சஹருக்கு? அந்த நேரம் மக்கத்திலயும் இருட்டுத்தானே ஈக்கு?"

மாஸ்டர் உருண்டையை மற்றப் பக்கம் சுழற்றினார். "யப்பான். அங்கை நல்லா விடிஞ்சிருக்கும்."

"யப்பான்ல எனக்கென்ன வேல மாஸ்டர்?"

"கடையிலை கிடக்கிற சீத்தைத் துணி முழுக்க எங்கையிருந்து வந்தது?"

வியாபாரி ஒப்புக்கொண்டார்.

நோன்பு மாதத்தில் கண்டிக் கடைவீதியில் சாப்பாட்டுத் தட்டுகள் வீட்டுக்கு வீடு போகும், வரும். முதலாளிக்கு ஊரெல்லாம் சொந்தம். கடையில் நோன்பு திறக்க உட்கார்ந்தால் வட்டிலப்பமும் புரியாணியும் வரிசையில் வரும். மாஸ்டர் விரித்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் உள்ளே விட்டு, மிச்சத்தை எல்லாம் மாடிக்கு, என்னிடம் அனுப்பிவிடுவார். அந்த மாதம் முதலாளி மெலிந்தார், நான் பருத்தேன். தபால் கந்தோரில் என் சட்டைப் பொத்தான் தெறித்து மேலதிகாரியின் தேநீரில் விழுந்தது.

மாஸ்டரின் காலைக் கஞ்சி மட்டும் நாள்தோறும் தொடாமலே ஆறிக் கிடப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"என்னங்க மாஸ்டர், நீங்களும் நோன்பா?"

"சத்தம் போடாதையும் தம்பி. அவரின்ரை பசி எனக்குத் தெரியாமல், இதைத் தின்னாதை எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"

அன்று வந்த புரியாணியும் எனக்கு இறங்கவில்லை. பாதிதான் சாப்பிட்டேன்.

பெருநாள் முடிந்து முதலாளி கடையிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். ரிக்‌ஷாவில் அவருடைய பெட்டிதான் போனது. அவர் இல்லாத நாட்களில் மாஸ்டருக்கு வெயிலில் படுத்தும் நிம்மதியில்லை. "கப்பல்லை என்னத்தைக் குடுக்கிறாங்களோ" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

முதலாளி திரும்பிய நாளில் ஸ்டேஷனில் ஊரே திரண்டிருந்தது. புது ஹாஜியாருக்கு மாலை போட ஒரு கூட்டம், விருந்துக்கு அழைக்க இன்னொரு கூட்டம். விருந்துக்காரர்களைத்தான் மாஸ்டர் முறைத்துக்கொண்டு நின்றார். முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"நடந்தேன் மாஸ்டர். எல்லாம் என்ட கால்லயே. ஒருத்தரும் தூக்கல்ல."

மாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்தார். முதலாளியின் முதுகுக்குப் பின்னால் மாஸ்டருடைய இரண்டு கைகளும் நன்றாகக் கோத்துக்கொண்டன.

இடுப்பை அளந்து பார்க்கத்தான் மாஸ்டர் அப்படிச் செய்தார் என்று முதலாளி கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். நான் பக்கத்திலேயே நின்றவன். அளக்கிறவர் யாரும் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்.