மச்சான் உட்கார்ந்த மணை

எனக்குப் பேச்சு குறைவு. என் மகள் யாழினிக்கு மரவேலை சொல்லிக் கொடுத்தபோது மொத்தமே மூன்று பேச்சுதான் பேசினேன். மூன்றாவது போய் என் மச்சானைக் குத்திவிட்டது.

நான் தச்சன் இல்லை. பம்மலில் தண்ணி லாரி ஓட்டுகிறேன். ஒரு ரம்பம், ஒரு சுத்தி, கொஞ்சம் உப்புத்தாள் வீட்டில் கிடக்கும். (எதற்கு என்று மனைவி கேட்பாள். பதில் சொன்னதில்லை.)

யாழினிக்கு அப்போது ஐந்து வயது. காது குத்தவில்லை. மூன்று வயதில் கூட்டிப் போனோம். ஆசாரியின் விரலைக் கடித்துவிட்டு ஓடினாள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையும் ஓடினால் இனி ஒருத்தரையும் கூப்பிட முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் குடுப்பா."

"காது குத்திக்கிறியா?"

யோசித்தாள். "மாமா மடியில தான உக்காரணும்? மாமா எதுல உக்காரும்?"

"மணையில."

"அத நான் செய்றேன். அப்ப குத்திக்கிறேன்."

பேச்சு முடிந்தது. பார்சல் பெட்டிப் பலகை ஒன்று, அடியில் கால் மாதிரி இரண்டு கட்டை. அவ்வளவுதான் மணை.

"அழுத்தாத. ரம்பம் தானா போவும்" என்றேன். போனது. ஆணியை நான் பிடித்தேன், அவள் அடித்தாள். என் கட்டைவிரல் நீலமானது. "ஆணிய கிளிப்புல புடி" என்று துணி மாட்டுகிற கிளிப்பைக் கொடுத்தேன். அதுவும் கற்றுக்கொண்டாள். கடைசியாக மணை லேசாக ஆடியது.

"ஆடுனா இன்னொரு ஆணி அடி."

அடித்தாள். பிறகு இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

விசேஷத்தன்று காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம். மணை மறுபடி ஆடியிருக்கும். சொன்னதை மறக்கவில்லையே என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். சின்ன ஆணி தீர்ந்துபோய் டப்பாவில் இரண்டு அங்குல ஆணிதான் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மணையைப் புதுத் துண்டில் சுற்றி அவளே அம்மன் கோயிலுக்குத் தூக்கி வந்தாள். சுற்றினபடியே போட்டேன். மச்சான், என் மனைவியின் அண்ணன், செம்பாக்கத்திலிருந்து பட்டு வேட்டியில் வந்திருந்தார். கனத்த உடம்பு. உட்கார்ந்து யாழினியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பயப்படாத கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரி தான் இருக்கும்."

இடது காது முடிந்தது. அவள் அழவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

வலது காதுக்கு ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். பிள்ளையைத் திருப்ப மச்சான் லேசாகப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ அம்மா."

பிள்ளைதான் அழுகிறது என்று மேளக்காரர் இன்னும் பலமாக அடித்தார். ஒரு அத்தை ஓடிவந்து பிள்ளை வாயில் சர்க்கரை போட்டாள். மச்சான் பாதி எழுந்த நிலையில் கம்பி காதுக்குள் போய்விட்டது. சற்று மேலே.

யாழினி அத்தை கையிலிருந்து சர்க்கரை எடுத்து மச்சான் வாயில் போட்டாள்.

"அழாத மாமா. எறும்பு தான்."

மச்சான் வேட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா மாப்ள, யாருக்குக் குத்தறதுக்கு என்னைக் கூப்ட்ட?"

"மணை ஆடுச்சு மாமா" என்றாள் யாழினி. "ஆடுனா ஆணி அடின்னு அப்பா தான் சொல்லிச்சு."

துண்டைக் கிழித்துக்கொண்டு ஆணி முனை மேலே நீட்டியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும்போல் நான் பேசவில்லை. முன்னாலேயே அப்படி இருந்திருக்கலாம்.

மச்சானுக்கு ஊசி போடக் கூட்டிப் போனோம். யாழினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. வலது தோடு கொஞ்சம் மேலேதான் இருக்கும். மச்சான் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

"உக்காரு மாமா" என்பாள். "எறும்பு இல்ல."

அவர் இன்னொரு தடவை தடவுவார்.