இன்னாசித்தம்பியின் டிறில்

ஊர்ப் பெடியன் டிலோன் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து இன்னாசித்தம்பியின் நாய் குரைக்க மறந்துவிட்டது. கடலட்டை பிடிக்க அடியில் இறங்குகிறவர்கள் போடுகிற பெரிய சுழியோடிக் கண்ணாடி அவனுடைய முகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மூக்கும் அதற்குள் அகப்பட்டிருந்ததால் அவன் பேச்சு கிணற்றடியிலிருந்து வருவதுபோல வந்தது.

“அண்ணை, கண்ணாடி போட்டாச்சு. டிறிலைத் தாங்கோ.”

இன்னாசித்தம்பிக்குப் பத்திக்கொண்டு வந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாதவனுக்கு டிறில் கிடையாது என்று அவர் சட்டம் போட்டது முதல்நாள்தான். எழுவைதீவில் அந்த மாதிரிக் கண்ணாடி அவருடைய அலுமாரிக்குள் மட்டுமே இருந்தது. அலுமாரித் திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது. ஊர்த் தொல்லை இதோடு ஒழிந்தது என்று இரவு நிம்மதியாக நித்திரை கொண்டிருந்தார்.

“உது கடலுக்குப் போடுறதெல்லோ?”

“கடல்தண்ணியே உள்ளுக்குப் போகாது அண்ணை. மரத்தூள் எப்பிடிப் போகும்?”

டிறில் போய்விட்டது.

மரத்திலும் சுவரிலும் துளை போடுகிற அந்த வயரில்லாத டிறில் கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. மனைவி ஞானசவுந்தரியின் தம்பி ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து, “அத்தான், ஒரு டிறில் அனுப்பியிருக்கிறம், அதை நீங்கள்...” என்று தொடங்கியபோதே, “நல்லது மச்சான், நன்றி. இஞ்சை இந்த முறை சோளகம் என்ன அடி அடிக்குது தெரியுமோ?” என்று இன்னாசித்தம்பி காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர்களை ஒரு வசனம் முடிக்க விட்ட வழக்கம் அவருக்கு இல்லை. கலியாணத்தன்றே, பாதர் கேள்வியை முடிக்க முன்னமே “ஓம்” என்று சொன்ன மனிதர். பாதர் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியதாய்ப் போயிற்று.

பெட்டியைத் திறந்தபோது டிறிலும் சார்ஜரும் இருந்தன. கரண்டைக் குறைக்கிற கறுப்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. வள்ளத்துக்கு நங்கூரமாகப் போடலாம், அவ்வளவு பாரம். அதோடு கண்ணாடி ஆறு.

“ஆறு கண்ணாடியோ? எனக்கு எத்தினை கண் எண்டு நினைச்சவன் உம்மட தம்பி?”

“அதில்லையப்பா, தம்பி சொன்னவன்...”

“உம்மட தம்பியின்ரை கதையை விடும்!”

ஞானசவுந்தரி விட்டாள். அவளுடைய வாயோரத்தில் ஏதோ ஒன்று சிரிக்கப் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

டிறில் வந்த மறுநாளே ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. இரவல் கேட்பதில் அவருக்கு அவ்வளவு கோபமில்லை. கேட்கிற விதம்தான் அவருடைய இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. ஒருவனும் தலையைச் சொறியவில்லை, பல்லை இளிக்கவில்லை. ரேஷன் கடைக்கு வந்தவன்போல நின்று, “இண்டைக்கு எங்கட முறைதானே அண்ணை?” என்று கேட்டார்கள்.

“முறையோ? இதென்ன ஊர்க் கிணறோ முறை வைச்சு அள்ள? ஞானம், கேட்டீரே இந்த அநியாயத்தை? என்ரை மச்சான் எனக்கு அனுப்பின சாமானுக்கு இவங்கள் முறை சொல்லுறாங்கள்!”

“குடுத்து விடுங்கோவனப்பா” என்றாள் ஞானசவுந்தரி.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, அவருடைய சொந்தக் கதவு சுவரில் சாத்தியபடி நின்றது. பழைய முன்கதவைக் கறையான் தின்றுவிட்டது. புதுக்கதவு ஊர்காவற்றுறையிலிருந்து படகில் வந்திருந்தது. மகள் ஜெனீற்றாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். “கதவில்லாத வீட்டில பொம்பிளை எடுக்க ஆர் வருவான்?” என்று அவரே வீட்டுக்குள் நாலு தரம் முழங்கியிருந்தார். தச்சனைக் கூப்பிடுவோம் என்று மகள் சொன்னதற்கு, “சொந்த டிறில் இருக்கேக்கை எனக்கு ஏன் தச்சன்?” என்றார். ஆனால் அவர் கதவைத் தூக்குகிற ஒவ்வொரு நாளும் டிறில் வேறு ஒரு வீட்டில் இருந்தது. திரும்பி வந்தால் பற்றறி செத்துப்போய் வந்தது.

ஆகவே இரண்டாவது சட்டம் வந்தது.

“சாரம் கட்டினவன் டிறிலைத் தொடக் கூடாது! சுத்துற கம்பியில தொங்கல் அகப்பட்டா ஆளையும் சேர்த்துச் சுத்திப்போடும். களிசான் போட்டால்தான் டிறில்.”

எழுவைதீவில் பகல் வேளையில் சாரத்தை அவிழ்த்துவிட்டு முழுக் காற்சட்டை போடுகிற ஆண்பிள்ளை இல்லை என்பது அவருடைய கணக்கு. அடுத்தநாள் தீவு முழுக்கக் கலியாணக் களிசானோடு நின்றது. சொந்த எசமான்களை அடையாளம் தெரியாமல் நாய்கள் துரத்தின. மீன் வாங்கப் படகில் வந்த ஒரு வியாபாரி, “ஆர் மோசம் போனது?” என்று விசாரித்து, பதில் கிடைக்காமலே ஒரு மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாவது சட்டம் சார்ஜரைப் பற்றியது. அதை அவர் மிகவும் யோசித்துப் போட்டார்.

“சார்ஜ் ஏத்துறது இனி இஞ்சை மட்டும். ஈரக் கையால தொடக் கூடாது. துணியால மூடக் கூடாது. வெயில் படக் கூடாது. கனடாச் சார்ஜரை எங்கட பிளக்கில நேரா குத்தினா புகைதான் வரும், கறுப்புப் பெட்டிக்குள்ளாலதான் குத்த வேணும். ஏறி முடியுமட்டும் பக்கத்தில ஆள் இருக்க வேணும். முடிஞ்ச உடனை கழட்ட வேணும். ஏலுமெண்டா வாருங்கோ, ஏலாதெண்டா வீட்டில கிடவுங்கோ!”

பக்கத்தில் காவல் இருக்கச் சொன்னால் எவன் வருவான் என்று நினைத்தார். வந்தார்கள். கடலுக்குப் போகாத பொழுதெல்லாம் வந்தார்கள். கையைத் தோள் துவாயில் வடிவாகத் துடைத்துக்கொண்டு, இழவு வீட்டில் பெட்டியைச் சுற்றி இருப்பதுபோல சார்ஜரைச் சுற்றி இருந்தார்கள். அவருடைய கதிரையில் இருந்தார்கள். அவருடைய தேத்தண்ணியைக் குடித்தார்கள். அவருடைய ரிவியைப் பார்த்தார்கள். ஞானசவுந்தரியின் பருத்தித்துறை வடைக்குப் பேர் காரைநகர்வரை போய்விட்டது. பின்னேரங்களில் ஒருவன் அவர் இடைக்கிடை கூட்டிய சட்டங்களையும் சேர்த்துக் கேட்க மற்றவர்கள் செபமாலை சொல்வதுபோலப் பின்பாட்டுப் பாடினார்கள்.

“கம்பி மாத்த முன்னம்?”

“பற்றறியைக் கழட்ட வேணும்!”

“தூக்கிக்கொண்டு நடக்கேக்கை?”

“விசையில விரல் வைக்கக் கூடாது!”

“இவங்கள் என்னைப் பகிடி பண்ணுறாங்கள், ஞானம்!”

“இல்லையப்பா, அவையள் ஒழுங்காத்தானே நடக்கினம். தம்பியும் அதைத்தான்...”

“தம்பி, தம்பி! அவன் பனிக்குள்ள இருந்துகொண்டு ஒரு பெட்டி அனுப்பினான், என்ரை வீடு தேத்தண்ணிக் கடையாப் போச்சுது!”

கடைசியாக அவர் போட்ட சட்டம்தான் அவரையே விழுத்தியது. தான் பக்கத்தில் நிற்காமல் ஒருவரும் டிறிலைப் பிடிக்கக் கூடாது என்றார். “சரி அண்ணை, வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனார்கள். கோழிக்கூட்டுக்குப் பூட்டுப் போட்டார். கிளின்ரன் வீட்டுத் தொட்டிலுக்குக் கொழுக்கி போட்டார். கள்ளுக் கொட்டிலில் குந்துகிற மரவாங்கின் ஆட்டத்தை நிறுத்தினார். அது பல வருஷம் ஆடிய வாங்கு. ஆட்டம் நின்ற பிறகு அதில் இருந்து குடித்தவர்களுக்கு வெறி ஏறவில்லை என்று ஒரு முறைப்பாடு வந்தது. அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை என்ன வந்தாலும் கதவு பூட்டுவது என்று பற்றறியை முழுக்க ஏற்றி, முடிந்த உடனே கழற்றி, கையில் எடுத்தார். வாசலில் பாதர் நின்றார்.

“இன்னாசி, பாவசங்கீர்த்தனத் தொட்டிக் கதவு கழண்டுபோச்சு. உள்ளுக்கு இருக்கிறவை சொல்லுறது வெளியில நிக்கிறவைக்குக் கேக்குது. டிறிலோடை ஒருக்கா வாரும்.”

பாதருக்கு மறுப்புச் சொல்ல ஏலுமா? அந்தத் தொட்டிக்குள் இன்னாசித்தம்பி சொன்னவையும் கொஞ்சம் இருந்தன. போனார். இருட்டுப்பட்டுத் திரும்பியபோது டிறிலில் ஈ பறக்கிற சத்தம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஓடிவந்து பற்றறியைச் சார்ஜில் போட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் படகு இறங்குதுறைக்கு வந்துவிட்டது என்று யாரோ வழியில் கத்தினார்கள். சார்ஜரில் சிவப்பு வெளிச்சம் பச்சையாக மறுத்தது.

“போதும்!” என்று பிடுங்கினார்.

கதவைப் பிடிக்க டிலோன் வந்திருந்தான். கலியாணக் களிசானும் சுழியோடிக் கண்ணாடியும் போட்டிருந்தான். இன்னாசித்தம்பி கதிரைமேல் ஏறினார். கட்டியிருந்தது சாரம். கண்ணில் ஒன்றுமில்லை.

“அண்ணை, சாரம்...”

“வாயை மூடு! என்ரை டிறில், என்ரை சாரம்.”

“கண்ணாடி...”

“அது உங்களுக்குப் போட்ட சட்டம். எனக்கோ?”

கதவை நிலையோடு பிடிக்கிற மேல் பிணைச்சல் ஏறிவிட்டது. கீழ்ப் பிணைச்சலுக்குத் திருகாணி முடுக்கிற கம்பியை எடுத்துவிட்டுத் துளைக்கிற கம்பியைப் போட வேண்டும். பற்றறியைக் கழற்ற நேரமில்லை. டிறிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கம்பியைத் திருகினார். விரல் விசையில் இருந்தது.

‘டிர்ர்ர்’ என்றது டிறில். சாரத்தின் தலைப்பைக் கவ்வியது. முதலில் தலைப்பு போயிற்று. பிறகு மடிப்புகள் போயின. கயிறு திரிப்பதுபோலச் சாரம் முழுவதையும் திரித்துக்கொண்டு டிறில் மேலே ஏறி, அவருடைய தொப்புளில் முட்டி உறுமியது. பயத்தில் அவர் விசையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, கம்பி மாத்த முன்னம்?” என்று பழக்கத்தில் கத்தினான் டிலோன்.

“பற்றறியைக் கழட்ட வேணும்!” என்று பழக்கத்தில் கத்தினார் இன்னாசித்தம்பி.

டிலோன் பாய்ந்து பற்றறியைப் பிடுங்கினான். பாய்வதற்காகக் கதவை விட்டுவிட்டான். கதவு ஒற்றைப் பிணைச்சலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே சாய்ந்து, அப்போதுதான் வாசலுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரின் காலடியில் தடாரென்று விழுந்தது. நல்ல மனிதர்கள். தங்களுக்காக விரித்தது என்று நினைத்து அதன் மேலாலே நடந்து உள்ளே வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். பின்னால் மாப்பிள்ளை றொஜன் வந்தான். கடைசியாக, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனுடைய மாமி மேர்சி வந்தாள்.

இன்னாசித்தம்பி கதிரையில் நின்றார். சாரம் முழங்காலுக்கு மேலே திரண்டு நின்றது. தொப்புளில் டிறில் தொங்கியது.

“இதென்ன கோலம்?” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

பல நாள் கொதித்தது பொங்கிவிட்டது. “இதோ? இது ஊர் செய்த கோலம்! ஒரு டிறில் வைச்சிருக்கிறன் ஐயா, ஒரேயொரு டிறில்! கோழிக்கூட்டுக்குக் குடு, தொட்டிலுக்குக் குடு, கள்ளுக் கொட்டிலுக்குக் குடு. ஒரு நாள், ஒரு நாளாவது என்ரை கதவுக்கு விட்டாங்களோ? எல்லார் வீட்டுக் கதவும் பூட்டுது, என்ரை கதவு நிலத்தில கிடக்குது!”

மாப்பிள்ளையின் தகப்பன் டிலோனைப் பார்த்தார். “உண்மையோ தம்பி?”

“ஓம் ஐயா” என்றது சுழியோடிக் கண்ணாடி. “அண்ணையின்ரை டிறில் போகாத வீடு தீவில இல்லை. சட்டம் கொஞ்சம் கடும். ஆனா ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொன்னதில்லை. ஒருத்தருக்கும் ஒரு கீறலும் விழேல்லை.”

மாப்பிள்ளையின் தகப்பன் இன்னாசித்தம்பியை அண்ணாந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“சொந்தச் சாமானை ஊருக்கெல்லாம் குடுத்துப்போட்டு, தன்ரை வாசலைத் திறந்து போட்டுக்கொண்டு நிக்கிற மனுசன்” என்றார். “இந்தக் காலத்தில இப்பிடியும் ஒரு ஆளோ? இனி விசாரிக்க ஒண்டுமில்லை. எங்களுக்குச் சம்மதம்.”

“எனக்கு மாப்பிள்ளையைப் பாக்க வேணும்” என்று குசினிக்குள்ளிருந்து ஜெனீற்றாவின் குரல் வந்தது. றொஜன் தலைமயிரைச் சரிசெய்தான்.

பிறந்த நாளிலிருந்து முதன்முறையாக இன்னாசித்தம்பி இன்னொருவர் பேசியதைக் கடைசிவரை கேட்டிருந்தார். அது இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நெஞ்சை நிமிர்த்தினார். டிறிலும் நிமிர்ந்தது.

“என்ன செய்யிறது” என்றார் அடக்கமாக. “இருக்கிறவன்தானே குடுக்க வேணும்.”

டிலோன் கண்ணாடிக்குள் நிலத்தைப் பார்த்தான். ஞானசவுந்தரி, “தேத்தண்ணி... தேத்தண்ணி குடிக்கலாம் வாங்கோ” என்று எல்லாரையும் அவசரமாக உள்ளே தள்ளப் பார்த்தாள். மேர்சி மாமி மட்டும் அசையவில்லை. தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, இன்னாசித்தம்பியின் தொப்புளடியில் குனிந்து, டிறிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஞானசவுந்தரியிடம் கேட்டாள்:

“பிள்ளை, ரொறன்ரோவில எங்கட சங்கம் ஊருக்கெண்டு வாங்கி அனுப்பின மிசின் இதெல்லோ? ‘அவர் தன்ரை எண்டு நினைச்சிட்டார், அப்பிடி நினைச்சாத்தான் கவனமா வைச்சிருப்பார், ஊரிலயும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது’ எண்டு உம்மட தம்பி கூட்டத்தில எழும்பிச் சொன்னது, இந்த மனுசனைத்தானோ?”