கன்னக்குழி இல்லாத பெண்

நினைவாற்றலில் கோட்டாறு சந்தையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாற்பது பேர் கேட்ட சரக்கைத் துண்டுச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்தே மூன்று கடைக்கு முதலாளியானேன். அப்படிப்பட்ட நான், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணையே அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்திய கதை. ஆரல்வாய்மொழியில் பொன்னம்மையைப் பெண் பார்த்தேன். காப்பியை நீட்டியபோது ஒரு பார்வை, அவ்வளவுதான். நிச்சயம் முடிந்தால் கல்யாணம்வரை பார்க்கக் கூடாது. கொல்லத்தில் மிளகுக் கடை வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மாதம், ஒவ்வொரு மூட்டையைத் தூக்கும்போதும் அவள் முகத்தை நினைத்துக்கொள்வேன். (பாரமே தெரியாது!)

ஊர் திரும்பியதும் பொறுக்கவில்லை. ஒரு பொதி நேந்திரங்காய் வற்றலோடு அவள் வீட்டுக்கே போனேன். முற்றத்தில் ஒருத்தி நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பொன்னம்மை வீட்ல உண்டா?"

"எதுக்கு?"

"நான் கெட்டப்போற பொண்ணுல்லா!"

"அவ எப்பிடி இருப்பா?"

முழங்கால்வரை முடி, தாமரை நிறம், சிரித்தால் கன்னத்தில் குழி என்று அவிழ்த்துவிட்டேன்.

"அப்பிடி ஒருத்தி இந்தத் தெருவுலயே கெடையாது."

அப்போது அவள் அப்பா வயலிலிருந்து வந்தார். "அடடே, மருமவனா! பொன்னம்மை, தண்ணி கொண்டா மக்களே."

வற்றல் பொதி நெல்லில் விழுந்தது.

"எப்பா, இவரு வேற ஆரையோ தேடி வந்திருக்காரு. எனக்கு இவரு வேண்டாம்."

கல்யாணம் நின்றது. இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு அவளே சொல்லி அனுப்பினாள்: "ஞாயித்துக்கெழம தோறும் வந்து எம்மொகத்தப் பாத்துட்டுப் போட்டும். மனசுல நிக்கட்டும், பொறவு பாப்போம்." பதினோரு ஞாயிறு போய் முற்றத்தில் நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கோபம் வந்தால் அவள் மூக்கு நுனி சிவக்கும். அந்த அழகை விட்டுவிட்டுத்தான் இல்லாத குழியைத் தோண்டியிருக்கிறேன்.

எங்கள் மகள் இன்று மூளை ஆராய்ச்சிக்காரி. "ஒரு நினைப்ப எடுத்து எடுத்துப் பாத்தா, நரம்புக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பு பலப்படும்ப்பா. எடுக்கும்போதே கொஞ்சம் மாறவும் செய்யும்," என்கிறாள். இதற்கு எலிகளை வைத்துச் சோதனையாம். (எலி இல்லாமலே நான் கண்டுபிடித்தேன்!)

கல்யாணமான நாள்முதல் பொன்னம்மை காலையில் என்னை எழுப்புவதே, "நான் ஆருன்னு தெரியுதா?" என்று கேட்டுத்தான். அவள் போய் நாலு வருஷமாகிறது. இப்போது பேரப்பிள்ளைகள் வாசலில் வந்து நின்று அதையே கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அவள் ஒரேயொரு தடவை வந்து கேட்கட்டும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, வயிறு நிறைய ஏச்சு வாங்கிக்கொள்வேன்.