துவாரபாலகனைத் திரும்ப அழைத்துக்கொள்வது பற்றி

அன்பிற்கும் ஆசிக்கும் உரிய மைத்துனருக்கு,

எல்லாம் வல்லவன் கருணையால் இங்கே உன் அக்காள் நலம். நான், நலம் என்று எழுதினால் பொய்யாகாத அளவில் இருக்கிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன நாய்க்குட்டி எங்கள் இருவரையும்விட நலம். அங்கே உன் இல்லத்தார் யாவரும் குறைவின்றி வாழ இறைவனை இறைஞ்சுகிறேன். நிற்க.

"அத்தான், இவன் அம்மா ஒரு குரல் குடுத்தா தெருவே காலியாயிடும். ரத்தம்னு ஒன்னு இருக்குல்ல!" என்று சொல்லி நீ அதை என் மடியில் வைத்தாய். நானும் நம்பி, ஆலய வாயிலில் கதாயுதம் ஊன்றிக் காவல் நிற்பவரை மனத்தில் நிறுத்தி, துவாரபாலகன் என்று பெயரிட்டேன். உன் அக்காள் பாலு என்று சுருக்கிவிட்டாள். பாலுவோ வாயிலைக் காப்பதில்லை. என் கட்டிலின் அடிப்பாகத்தை ஓயாமல் காக்கிறது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலடி, துடைப்பம் அசைந்தால் கட்டிலடி, தண்ணீர்க் கிண்ணத்தில் தன் முகமே தெரிந்துவிட்டால் அன்று முழுவதும் கட்டிலடி. எரிவாயு உருளை கொண்டுவருபவர் அதைத் தேடிப் பிடித்துத் தடவிக்கொடுத்து, "பயப்படாதடா செல்லம், மாமா போயிடறேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் என் கவலை என்னவென்று உனக்குத் தெரியும். "காவல் இல்லாத வீட்ல உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாதுப்பா. நாய் சரியா வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க" என்று என் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். வரும் சனிக்கிழமை நாயைப் பார்க்க வருகிறான். பிள்ளை நல்லவன்தான், அவன் வீட்டுச் சுவர்தான் மெல்லியது. அங்கே நான் காலையில் வாய்விட்டுப் பாராயணம் செய்தால் அடுத்த வீட்டார் சுவரைத் தட்டுகிறார்கள். இத்தனை காலம் உரக்க அழைத்த இறைவனை இனிமேல் கிசுகிசுத்து அழைக்க என்னால் ஆகாது.

ஆகவே குட்டிக்கு வீரம் புகட்ட முனைந்தேன். காப்பியங்களில் உள்ள போர்க்களப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, பொருளும் கூறி, தினமும் அதன் எதிரே அமர்ந்து ஓதினேன். யானைகள் சரிந்து விழும் இடம் வந்ததும் அது பாயிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. சரி, கேள்விஞானம் போதாது, செய்முறையே வேண்டும் என்று துணிந்து, வாயிலில் ஆள் அரவம் கேட்டபோதெல்லாம் கதவுக்குப் பின்னால் கைகளை ஊன்றித் தவழ்ந்து நின்று, நானே குரைத்துக் காட்டினேன். உன் அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "ஏங்க, அதுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா, இல்ல அதுகிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் தம்பி நடந்தது! குட்டி நன்றாகவே பாடம் கற்றது. இந்த வீட்டில் குரைப்பவர் இவர் என்று கற்றுக்கொண்டது. இப்போது யாராவது கேட்டைத் தொட்டால் போதும், ஓடிவந்து என் வேட்டி நுனியைக் கவ்வி இழுத்துக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தி, நான் குரைக்கும்வரை விடுவதில்லை. குரைத்து முடித்தால் நன்றாகச் செய்தாய் என்பதுபோல் என் கையை நக்கிவிட்டு, மீண்டும் கட்டிலடிக்குப் போய்விடுகிறது. நேற்று எதிர்வீட்டுத் தையற்காரர், "ஐயா, உங்க நாய்க்கு என்னா குரல்! கணீர்னு இருக்கு. ஆனா வெளியிலயே காணோமே, வயசானதோ?" என்று கேட்டார். வயதானதுதான் என்றேன். வேறென்ன சொல்வது?

ஆதலால் சனிக்கிழமைக்கு முன் நீயே நேரில் வந்து, இந்தக் குட்டியை அழைத்துக்கொண்டு, தானே குரைக்கத் தெரிந்த நாய் ஒன்றைத் தந்துதவ வேண்டும். குட்டி கட்டிலடியை விட்டு வராது. கட்டிலை நகர்த்த ஓர் ஆளும் கூட்டிவா. நீயும் உன் இல்லத்தாரும் அச்சமென்பது அறியாத மக்களைப் பெற்று நெடுங்காலம் வாழ இறையருள் துணை நிற்பதாக.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்துவிடாதே. உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது பாலு வந்து வேட்டியை இழுத்தது. கடமையாயிற்றே, யாரென்று பாராமல் போய் அடிவயிற்றிலிருந்து குரைத்தேன். வெளியே 'ஐயோ' என்று ஒரு சத்தம், பிறகு ஓடும் சத்தம். சற்று நேரத்தில் தொலைபேசியில் மகன்! "அப்பா, நாய் எப்படின்னு பார்க்கத்தான் சொல்லாம வந்து கேட்ல ஏறினேன். பேன்ட் கிழிஞ்சு மருந்துக்கடையில நிக்கிறேன். நான் அப்படியே ஊருக்குக் கிளம்புறேன். நீங்க அங்கேயே இருங்க. அந்த நாய் போதும்" என்றான். குரைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உண்மையை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதால்தான் இதைக் கிழிக்காமல் உனக்கு அனுப்புகிறேன். படித்ததும் நீ கிழித்துவிடு. பாலு இங்கேதான் இருக்கும். தானே குரைக்கிற நாய் எதையும் கொண்டுவந்து என் வேலைக்கு உலை வைக்காதே. வரும்போது தொண்டைக்கு மட்டும் ஏதாவது நல்ல மருந்து வாங்கிவா.